ஓட்டாஞ்சில்லு முடிச்சு

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. கைப்பிள்ளைக்காரி சுவரோரமாகச் சாய்ந்துகொள். பிள்ளை அழுதால் அழட்டும், கதைக்கு அது இடைஞ்சல் இல்லை. முழுகாமல் இருக்கிறவள் என் பக்கத்தில் வா. உனக்காகத்தான் இன்றைக்கு இதை எடுத்தேன். இதில் செத்துப்போன ஒருத்தி வருவாள். பயப்படாதே. அவள் யாரையும் பிடித்து ஆட்ட வரவில்லை. தலைச்சுமையை இறக்கிவைக்க இடம் கேட்டு வருகிறாள், அவ்வளவுதான்.

பரளச்சிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே, நாற்பது வீட்டு ஊர் அது. ஊருக்கு நாலு பாதை. மூன்று பாதைகளில் சுமைதாங்கிக் கல் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் பெயருக்கு அதை நடுவார்கள். தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்துவது. அவள் இறக்காமல் கொண்டுபோன சுமையை, வழியில் போகிற சனம் தங்கள் சுமையை இறக்கி இறக்கித் தீர்த்துவைக்கும் என்று ஒரு நம்பிக்கை.

வடக்குப் பாதையில் மட்டும் கல் இல்லை. காட்டிலிருந்து ஊருக்கு இரண்டு மைல். நடுவில் ஒரு மரம் கிடையாது, விடத்தலை முள்ளைத் தவிர. தலையில் ஏற்றிவிட்டால் வீட்டு வாசலில்தான் இறக்கலாம். நடுவழியில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும்.

அந்தப் பாதையில்தான் சோலை விழுந்தாள்.

சோலை, ராக்கம்மாள் வீட்டு மருமகள். ராமசுப்புவுக்கு வாக்கப்பட்டு மூன்று வருஷம். முதல் வருஷத்தில் ஒரு தடவை, நாள் தள்ளி நாற்பது நாள் ஆனதுமே வெட்கப்பட்டுக்கொண்டு மாமியாரிடம் சொல்லிவிட்டாள். ராக்கம்மாளுக்குச் சந்தோஷம் வாய் கொள்ளவில்லை. கிணற்றடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பத்தாம் நாள் அது கலைந்துபோயிற்று. அதற்குப்பின் ஊர்ப் பெண்கள் சோலைக்கு வைத்த பெயர் "காத்துப் பிள்ளைக்காரி". வேற்றாள் வைத்த பெயரையே வீட்டாளும் சொன்னால் என்ன செய்வது? ராக்கம்மாளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிட்டாள்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம், வைகாசி மாதம். பருத்தி எடுத்து முடிந்து, காட்டில் காய்ந்து நின்ற செடியை, அதுதான் மார், பிடுங்கி அடுப்புக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். சீமை எண்ணெய்க்கே சீட்டு கொடுத்த காலம். விறகுக்கு எங்கே போவது? உச்சி வெயிலில் ஒரு கட்டுப் பருத்திமாரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த சோலை, விடத்தலை முள்ளுக்குப் பக்கத்தில் விழுந்தாள். கட்டு அவள்மேல் கிடந்தது. வெயில் அடித்துவிட்டது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் புதைத்தார்கள்.

விழுவதற்கு நாலு நாள் முன்னால்தான் அவள் தூரக்குடிசையிலிருந்து வெளியே வந்திருந்தாள். வீட்டுக்குத் தூரமானால் பெண்கள் மூன்று நாள் கொல்லைக் குடிசையில் தனியாக இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கஞ்சியைக்கூட எட்டி நின்று ஊற்றிவிட்டுப் போவார்கள். ஆகவே வயிற்றில் ஒன்றும் இல்லாதவள் என்று எல்லாருக்கும் தெரியும். கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த தையில் நரிக்குடியிலிருந்து சந்தனம்மாளை ராமசுப்புவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சந்தனம் தாய் இல்லாத பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம், வேலையும் நீளம். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் கொல்லையில் கம்பு குத்திக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"அத்தை, கம்புத் தவிடு எப்பவும் இப்பிடித்தான் கொமட்டுமா?"

"நேத்து என்னத்தத் தின்ன?"

"கஞ்சியும் காணத் தொவையலும்."

"நானும் அந்தத் தொவையலத்தான் தின்னேன். எனக்குக் கொமட்டலையே." சொல்லிவிட்டு ராக்கம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு?"

"எனக்கென்ன தெரியும், ஆவணிக் கடைசியில ஊத்துனது."

"அடியே, ஆவணிக் கடைசியா! இப்ப ஐப்பசி நடக்குடி. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவ மாதிரி நிக்கிறா பாரு."

சந்தனம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலியோரம் போய் வாய் கொப்பளித்தாள். அங்கே மழையில் நனைந்த உடைந்த பானை ஓடு ஒன்று கிடந்தது. மழை பட்ட மண்ணோட்டு வாசம் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறிற்று. கையில் எடுத்தாள், முகர்ந்தாள், ஓரத்தைக் கடித்தாள்.

மொறுக்.

அந்தச் சத்தத்துக்கு ராக்கம்மாள் கையிலிருந்த முறம் கீழே விழுந்து கம்பெல்லாம் சிதறியது.

"கீழ போடு! இந்த வீட்டுல யாரும் ஓடு திங்கக் கூடாது, ஆமா!"

"மசக்கைக்காரி திங்கிறதுதான அத்தை? எங்க ஊருல சாம்பலக்கூட அள்ளித் திம்பாக."

"போடுன்னா போடு."

சந்தனம் போட்டுவிட்டாள். மாமியார் முகம் ஏன் வெளுத்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் மருத்துவச்சி இருளாயி வந்தாள். ராக்கம்மாள் வயசுக்காரி, வெற்றிலைக் காவி ஏறிய வாய். கையைப் பிடித்து நாடி பார்த்தாள், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தாள்.

"பிள்ளைதான். வாந்தி கார்த்திகையோட போயிரும். புளிச்ச தண்ணி கேட்டாக் குடுங்க, திட்டாதீக."

"நான் எதுக்குத் திட்டுறேன்?"

"நீங்க எதுக்குத் திட்டல மதினி, அதச் சொல்லுங்க. வானம் பெய்யலன்னா வானத்தத் திட்டுவீக." சொல்லிக்கொண்டே எழுந்தவள் வாசற்படியில் நின்றாள். பேச்சில் இருந்த கேலி போய்விட்டது. "வடக்குப் பாதையில இவளைச் சுமை தூக்க விடாதீக, மதினி."

சந்தனம் சுமை தூக்கத்தான் செய்தாள். வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில் தூக்காமல் முடியுமா? ஆனால் கட்டைச் சின்னதாகக் கட்டினாள். வடக்குப் பாதையில் விடத்தலை முள்ளைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று நடந்தது. தலைச்சுமை அந்த இடத்தில் லேசாகும். யாரோ பின்னால் நின்று கட்டைக் கையால் தாங்கிக்கொண்டு பத்தடி கூட வருகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் கானல்தான் ஓடும். ராமசுப்புவிடம் ஒருநாள் சொன்னாள்.

"அந்த முள்ளு மூட்டுக்கிட்ட யாரோ என் சுமையத் தாங்குறாக."

அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத மனுஷன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே நீ அங்கிட்டு வராத" என்று மட்டும் சொன்னான்.

ஆனி பிறந்து சந்தனத்துக்கு வலி கண்டது. தாய்வீட்டில் பார்க்க ஆள் இல்லாததால் இங்கேயே பிரசவம். தீட்டு வீட்டுக்குள் வரக்கூடாது, ஆகவே தூரக்குடிசையில். குனிந்து நுழைய வேண்டும். பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை, மூலையில் ஒரு மண்கலயம். ஒரு பகல் முழுக்கக் கஷ்டப்பட்டுப் பெண்பிள்ளை பிறந்தது. பதினாறாம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளையை வீட்டுக்குள் எடுப்பது என்று பேச்சு.

பால் இறங்கவில்லை.

ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. பிள்ளை மார்பில் வாயை வைக்கும், இரண்டு இழுப்பு இழுக்கும், வீறிடும். ராக்கம்மாள் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கருப்பட்டி போட்டுக் கொடுத்தாள். வீரசோழன் ஊர்க் கடைக்கு ஆள் விட்டுப் பால்சுறாக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தாள். இருளாயி ஆமணக்கு இலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தாள். வெள்ளாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார்கள். பாதியைத் துப்பியது. ஏழாம் நாள் பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே போயிருந்தது.

புதுத்தாய்க்கு என்னவெல்லாம் தோன்றும் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ளை என்னுடையதுதானா என்று தோன்றும். நான் யார், இந்த ஓலைக்குள் எப்படி வந்தேன் என்று தோன்றும். அழ வேண்டும் போல இருக்கும், காரணம் இருக்காது. சந்தனத்துக்கு அத்தனையும் இருந்தது. அதோடு ஒரு சத்தமும் கேட்டது. உச்சிப்பொழுதில் ஊர் அடங்கிக் கிடக்கும்போது, தலைக்கு மேலே, ஓலைக்குள்.

மொறுக். மொறுக்.

"எலியா இருக்கும்" என்றாள் இருளாயி.

"எலியா? எலி கடிச்சா நிறுத்தாமக் கடிக்கும். இது கடிச்சு, மென்னு, முழுங்கி, பொறவு கடிக்குது. ஆளு திங்கிற மாதிரி."

இருளாயி ஒத்தட இலையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து குடிசையை உலுக்கியது. கூரை இடுக்கிலிருந்து ஒரு துணிமுடிச்சு நழுவி, பிள்ளைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

சந்தனம் அவிழ்த்தாள். உள்ளே பானை ஓட்டாஞ்சில்லுகள், ஏழெட்டு. ஓரமெல்லாம் கொறித்துக் கொறித்து வழவழப்பாகியிருந்தது. அவற்றுக்கு நடுவே, கறுப்பு நூலில் திரித்த கயிறு ஒன்று. ஒரு சாணுக்குத் திரித்திருந்தது. மீதி நூல் பிரிபிரியாகத் தொங்கியது. கைக்குழந்தைக்குக் கட்டுகிற அரைஞாண் கயிறு. முடிக்காத கயிறு.

கஞ்சிக் கலயத்தோடு வந்த ராக்கம்மாள் வழக்கம்போல எட்டி நின்றாள். சந்தனம் துணியை விரித்துக் காட்டினாள். காவிக் கட்டம் போட்ட சேலைக் கிழிசல்.

"இது யாரு சேலை அத்தை?"

ராக்கம்மாள் துணியைப் பார்த்தாள். கலயத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க மூத்த மருமக சேலைதான? அவ முழுகாம இருந்திருக்கா."

"வாயக் கழுவு! செத்தன்னைக்கு நாலு நாளைக்கி முன்னாலகூட இதே குடிசையிலதான் தூரமா உக்காந்திருந்தா. பங்குனி, சித்திரை, வைகாசி, மூணு மாசமும் என் கையாலதான் கஞ்சி ஊத்துனேன். பொய்யா சொல்றேன்?"

"ஊத்துனீக. எட்டி நின்னு ஊத்துனீக. கிட்ட வந்து பாத்தீகளா?"

குடிசைக்குள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இருளாயி கையை நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவ எங்கிட்ட வந்தா, மதினி. பங்குனியில வந்து கைய நீட்டுனா. பிள்ளைதான்னு சொன்னேன். என் காலப் பிடிச்சுக்கிட்டா. 'ஆத்தா, யாருட்டயும் சொல்லாத. மொதத் தடவ சொல்லித்தான் ஊர் கண்ணுபட்டுப் போச்சு. நாலாம் மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் மாசாமாசம் குடிசையில போய்த் தூரம்னு உக்காந்துக்கிறேன், யாருக்கும் சந்தேகம் வராது. அங்கன்னா மூணு நாளைக்காச்சும் சுமை தூக்க வேண்டாம்ல'ன்னா. சத்தியம் வாங்கிக்கிட்டா. அவ விழுந்தன்னைக்கு நான் நரிக்குடியில ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா மண்ண மூடிட்டீக. பொதைச்ச பெறகு என்னத்தச் சொல்ல? ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பீகளேன்னு பயந்து போயி வாய மூடிக்கிட்டேன்."

வெளியே மாடு கட்டியிருந்த இடத்தில் ஏதோ சத்தம். ராமசுப்பு நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"அந்தக் கட்டத் தூக்கிவிட்டது நாந்தான்" என்றான். யாரிடமும் சொல்லவில்லை, மாட்டிடம் சொல்கிற மாதிரி சொன்னான். "'கொஞ்சம் கொறைங்க'ன்னா. 'ஏன், வயித்துப் பிள்ளைக்காரியா நீ'ன்னு கேட்டேன். சிரிச்சா. சிரிச்சுட்டு, 'சரி, தூக்கிவிடுங்க'ன்னா."

அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் சந்தனம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "முள்ளு மூட்டுக்கிட்ட ஒரு கல்லு நடுங்க. அவ பிள்ளைக்கு இந்த வீட்டுல ஒரு பேச்சு இல்லாம, என் பிள்ளைக்கு வாயில பால் இறங்காது. பதினாறாம் நாளும் நான் உள்ள வர மாட்டேன். இவளும் வர மாட்டா."

"கல்லு நட்டா ஊரு என்ன கேக்கும் தெரியுமா?" என்றாள் ராக்கம்மாள். "முழுகாம இருந்த மருமகளச் சுமை தூக்க வச்சுக் கொன்னவன்னு கேக்கும். நான் செத்தாலும் அந்தக் கல்லு நின்னு சொல்லும். போறவ வாறவல்லாம் சுமைய எறக்கிவச்சு மூச்சு வாங்கையில என் பேரச் சொல்லித் துப்புவா."

"துப்பட்டும் அத்தை. என் பிள்ளை கண்ணு சொருகுது, பாருங்க."

ராக்கம்மாள் பார்க்காமல் போனாள்.

ஒருநாள் கழிந்தது. பதினோராம் நாள் உச்சிப்பொழுதில் பிள்ளைக்கு அழக்கூடச் சத்தம் இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. கஞ்சிக் கலயத்தோடு வந்த ராக்கம்மாள் வழக்கமான இடத்தில் நின்றாள். அப்போது அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. முடிச்சோ கீழே இறங்கிவிட்டது, சந்தனத்தின் தலைமாட்டில் கிடக்கிறது. சத்தம் மட்டும் ஓலைக்குள்ளேயே இருந்தது.

மொறுக்.

ராக்கம்மாள் குனிந்து குடிசைக்குள் நுழைந்தாள். அந்த வீட்டில் தீட்டுக் குடிசைக்குள் மாமியார் நுழைந்தது அதுவரை கிடையாது. தரையில் உட்கார்ந்தாள். முடிச்சிலிருந்து ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும், தாயி."

சந்தனம் நிமிர்ந்து பார்த்தாள்.

"பங்குனியில ஒருநா, அடுப்படியில நின்னு ஓடு கடிச்சுக்கிட்டிருந்தா. நான் பாத்தேன். கன்னத்துல அறைஞ்சேன். 'காத்துப் பிள்ளைக்கு இது ஒரு கேடா'ன்னு கேட்டேன். அந்நேரமே என் மனசுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாளையில அவ குடிசைக்குப் போயி உக்காந்தா. அப்பாடா, ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னு என்ன, நெனைக்கணும்னு நெனச்சேன். மறுபடி ஊர்பூராச் சொல்லி, மறுபடி கலைஞ்சு, நான் அசிங்கப்பட வேண்டாம்ல." அவள் மூக்கைச் சேலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "அவ பொய் சொல்லல. நாந்தான் அந்தப் பொய்ய வேணும்னு வாங்கிக்கிட்டேன்."

பிறகு அழுதாள். வயசானவர்கள் அழுதால் சத்தம் வராது, தோள்பட்டைதான் குலுங்கும். சந்தனம் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையை மாமியார் முதுகில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சந்தனத்தின் ரவிக்கை இல்லாத மாராப்பு நனைந்தது. கண்ணீர் என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக ஒட்டியது. பால்.

"பூண்டும் சுறாவும் செஞ்ச வேலை" என்றாள் பிறகு இருளாயி. சந்தனம் பிள்ளை பால் முழுங்குகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராக்கம்மாள் எழுந்து நேரே கிணற்றடிக்குப் போனாள். அங்கேதானே முன்பு எல்லாம் சொன்னாள்? தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவே நின்று சொன்னாள்: "என் மூத்த மருமக சோலை, வயித்துப் பிள்ளையோட செத்தா. அது தெரியாத மாதிரி நான் இருந்துட்டேன். வடக்குப் பாதையில கல்லு நடப்போறோம். பேசுறவுக இப்பவே பேசிக்கங்க." ஒரு வாளி மட்டும் கிணற்றுக்குள் நழுவி விழுந்தது.

திருச்சுழிப் பக்கமிருந்து கல்தச்சர் சங்கரலிங்கம் மூன்று கல்லை வண்டியில் ஏற்றிவந்தார். உளியை எடுத்துக்கொண்டு, "என்ன பேரு கொத்தணும்?" என்று கேட்டார்.

ராமசுப்பு சொன்னான்: "சோலையும் பிள்ளையும்."

"பிள்ளைக்குப் பேரு?"

"வைக்க விடலையே, அண்ணாச்சி."

அவர் கல்மேல் உளியை வைத்தார். குழி தோண்டியதும் ராக்கம்மாள் அந்த ஓட்டாஞ்சில்லு முடிச்சை உள்ளே வைத்தாள். கயிற்றை மட்டும் சந்தனம் முன்னாலேயே எடுத்து, குடிசையில் உட்கார்ந்தபடியே மீதி நூலையும் திரித்து, முடிச்சுப் போட்டு முடித்துக் கொடுத்திருந்தாள். முடித்த கயிறாகத்தான் அது மண்ணுக்குள் போயிற்று.

கல் நின்றது. முதல் சுமையை யார் இறக்குவது என்ற பேச்சு வந்தது. இளவட்டப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். ராக்கம்மாள் அவளைக் கையால் விலக்கிவிட்டுக் காட்டுக்குத் திரும்பி நடந்தாள். அறுபது வயசுக்காரி. ஒரு பெரிய கட்டுப் பருத்திமார் கட்டினாள். மகனைக் கூப்பிட்டாள்.

"தூக்கிவிடுலே."

"ஆத்தா, கொஞ்சம் கொறைச்சுக்கிருவோம்."

"கொறைக்காத. அன்னைக்கு எவ்வளவு தூக்கிவிட்டயோ, அவ்வளவு."

அவன் தூக்கிவிட்டான். அவள் நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கால் தள்ளாடி, கரிசல் வெடிப்பில் விரல் இடறி, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாள். சனம் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. முள் மூட்டுக்குப் பத்தடி இருக்கும்போது அவள் நின்றுவிட்டாள். விழப்போகிறாள் என்று ராமசுப்பு ஓடினான். அவள் விழவில்லை. திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள், யாரோ தாங்கினது போல. மீதிப் பத்தடியை நேராக நடந்துபோய், கல்மேல் சுமையைச் சாய்த்து, ஒருவர் கையும் படாமல் இறக்கிவைத்தாள்.

இரண்டு கையாலும் கல்லைத் தடவினாள்.

"எறக்கிட்டேன்டி, சோலை. நீயும் எறக்கு."

பதினாறாம் நாள் சந்தனம் பிள்ளையோடு வீட்டுக்குள் போனாள். அந்தப் பெண் வளர்ந்து, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்துவிட்டாள். குடிசையில் சத்தம் அதற்குப்பிறகு கேட்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் முதல் மழை விழுந்ததும் சந்தனம், நனைந்த பானை ஓட்டில் நல்லதாக ஒன்று பார்த்துக் கொண்டுபோய் அந்தக் கல்மேல் வைப்பாள். மறுநாள் பார்த்தால் ஓரம் கொறித்திருக்கும்.

"அணில் கடிச்சிருக்கும்" என்பான் ராமசுப்பு.

"அணில் ஓடு திங்குமா?" என்பாள் அவள். பயமாகக் கேட்க மாட்டாள். மசக்கைக்காரிக்கு வேண்டியது கிடைத்ததே என்ற நிறைவோடு கேட்பாள்.

எழுந்திருங்க, கண்ணுகளா, பொழுது சாய்கிறது. உங்கள் வீட்டில் நாள் தள்ளினவள் பயமில்லாமல் வாய் திறந்து சொல்லட்டும். சொன்னதைக் கேட்கிறவர்கள் கிட்ட வந்து கேட்கட்டும். அவள் கேட்ட ஓடும் புளியும் அவள் கைக்கு வரட்டும். கட்டு பெரிதென்றால் குறைக்க ஒரு கை இருக்கட்டும். பிள்ளை வாயில் பால் நிற்காமல் இறங்கட்டும். உங்கள் வாசலிலிருந்து போகிற நாலு பாதையிலும் சுமை இறக்க இடம் இருக்கட்டும். உங்கள் குடும்பத்துப் பெயருக்கு ஒரு புதுக் கல்லும் நட வேண்டாத காலமாக, மகராசியாக, நீங்கள் எல்லாரும் நிறைந்து இருக்க வேண்டும்.